கல்லை எடுத்தவர்

ஹெட்டி மறுபடியும் கட்டிலுக்கடியில் தலையை விட்டுத் தேடினாள். ஒற்றைச் செருப்பு, எச்சில் கிண்ணம், எப்போதோ விழுந்த கைக்குட்டை. தாள் இல்லை.

"அங்க இல்ல," என்றார் அவள் அப்பா நோவா கட்டிலில் இருந்தபடி. "எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அவன் வீட்டுல இருக்கு."

"அப்புறம் எதுக்கு என்னைக் குனிய வச்சீங்க?"

"நானா குனியச் சொன்னேன்? நீதான் குனிஞ்ச."

அவள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். நோவா மேச்சின் சாகப் போகிறார் என்று முந்தின நாள் வந்த டாக்டர் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை உள்ளே இருந்தே நோவா கேட்டுவிட்டார், அதுபற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலம் பூராவும் பீங்கான் சூளைக்குள் பாண்டம் அடுக்கிய மனிதர். அந்தத் தூசி முழுவதும் நெஞ்சில் இறங்கிக் கல்லாகிவிட்டது. பீங்கான் ஊரான லாங்டனில் பாதி ஆண்கள் இப்படித்தான் போவார்கள், அதில் அவருக்குப் புகார் எதுவும் இல்லை. அவருடைய புகார் வேறு. அந்த வாரப் படப் பேப்பரில் வந்த கதையின் கடைசித் தாள் இல்லை. கத்தரிக்கோல் போட்டு யாரோ சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார்கள்.

கதை இதுதான். பனியில் சிக்கி நடுவழியில் நிற்கிறது ஒரு ரயில். முதல் வகுப்புப் பெட்டியில் ஒரு பாதிரியார், ஒரு டாக்டர், விடுமுறையில் வந்த இளம் சிப்பாய், மூலையில் கறுப்பு உடையில் ஒரு பெண்மணி. கூடவே மரகதக் கல் ஒன்றைப் பறிகொடுத்துவிட்டுப் புலம்பும் ஒரு வியாபாரி. இன்ஸ்பெக்டர் விளக்கைத் தூக்கிப் பிடித்து, 'கல்லை எடுத்தவர் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறார்' என்கிறார். 'அவர் வேறு யாருமல்ல' என்று தொடங்குகிறார். அந்த இடத்தில் பக்கம் முடிகிறது.

செவ்வாய்க்கிழமை ஹெட்டி அதை வாசித்துக் காட்டியதிலிருந்து நோவாவுக்கு நிலைகொள்ளவில்லை. ஜன்னலைத் திற என்பார், திறந்தால் மூடு என்பார். தலையணையை உயர்த்தினால் தாழ்த்து என்பார். போர்வையின் நூலைப் பிடுங்கிப் பிடுங்கி ஒரு ஓரத்தையே பிரித்துவிட்டார். முந்தின நாள் ஜெபம் செய்ய வந்த பார்ஜிட்டர் பாதிரியாரிடம், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், பனியில் நின்ற ரயிலில் உங்கள் கையில் ஒரு மரகதம் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டார். பாதிரியார் சங்கீதத்தைச் சுருக்கி முடித்துக்கொண்டு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"பார்த்தியா, முகம் எப்படிச் சிவந்துச்சு?" என்றார் நோவா அவர் போனதும். "பாதிரிதான். எனக்குச் சந்தேகமே இல்ல."

சந்தேகமே இல்லாதவருக்கு எதற்குக் கடைசித் தாள் என்று ஹெட்டி கேட்கவில்லை. சந்தேகம் இல்லாதவர்கள்தான் அதை யாராவது அச்சில் சொல்ல வேண்டும் என்று தவிப்பார்கள். அவளுக்குமே உள்ளுக்குள் தவிப்புதான். அவர் கேட்கும் ஒரே பொருள் இது, இதைக்கூடத் தர முடியாமல் அவரை அனுப்பிவிடுவோமோ என்றிருந்தது.

இன்னொரு பிரதி வாங்கலாம் என்றால் அது வேக்ஸ் விடுமுறை வாரம். வருஷத்தில் அந்த ஒரு வாரம்தான் லாங்டனில் சூளைகள் அணைந்திருக்கும். ஊரே கடற்கரைக்குப் போய்விட்டது. பேப்பர் கடைக்காரர் குடும்பத்தோடு பிளாக்பூலில் இருந்தார். வாசகசாலையில் பூட்டுத் தொங்கியது. பக்கத்துத் தெரு தையற்காரி வீட்டில் அந்தப் பேப்பர் இருந்தது, ஆனால் அதில் மீன் சுற்றி எறிந்தாகிவிட்டது. புகையில்லாத வானம் ஜன்னலுக்கு வெளியே நீலமாக, யாரோ துடைத்து வைத்தது போல் இருந்தது. அதையும் நோவா குறை சொன்னார், கண் கூசுகிறதாம்.

மிச்சம் இருந்தது ஒரே வீடு. பின்கட்டு முற்றத்துக்கு எதிர்ப்பக்கம், பொதுவான துணி துவைக்கும் கொட்டகையைத் தாண்டினால் ஆமோஸ் பெரியப்பாவின் வீடு.

அண்ணனும் தம்பியும் பேசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் பேப்பர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. ஹெட்டியின் அம்மா மார்த்தாவும் பெரியம்மா கெசியாவும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. ஒரு வாரம் அந்த வீட்டில் வாங்குவார்கள், மறு வாரம் இந்த வீட்டில். மூத்தவர் வீட்டுக்கு முதலில் போகும். திங்கட்கிழமை காலையில் துவைக்கும் கொட்டகை ஜன்னல் விளிம்பில், ஒரு செங்கல்லுக்கு அடியில் இருக்கும். நோவா வீட்டில் வாசித்து முடித்ததும் மறுபடியும் செங்கல்லுக்கு அடியில். அதன் பிறகுதான் கெசியா பிடித்த படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டுவாள். இரண்டு வீடும் வாசிக்கும் வரை கத்தரிக்கோல் படக்கூடாது என்பது அவர்களுக்குள் சட்டம். மார்த்தா செத்த பிறகும் அது நடந்தது. போன வசந்தத்தில் கெசியா செத்த பிறகும் நடந்தது. இந்த வாரம்தான் முறிந்தது.

"வேணும்னே செஞ்சிருக்கான்," என்றார் நோவா. மூச்சு வாங்கியது. "பொண்டாட்டி சாவுக்கு வரலைன்னு கணக்குத் தீர்க்கிறான். நான் வரலையா? தெரு முனையில தொப்பியைக் கழட்டிக்கிட்டு நின்னேனே. சவப்பெட்டி திரும்புற வரைக்கும் நின்னேன். அது அவனுக்குத் தெரியல."

"நான் போய்க் கேக்குறேன்."

"கேக்காத."

"சரி."

"கேட்டாலும் நான் கேட்கச் சொன்னேன்னு சொல்லாத."

பக்கத்து வீட்டு நெல்லி சால்ட்டை வந்து உட்காரச் சொல்லிவிட்டு ஹெட்டி முற்றத்தைக் கடந்தாள். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாள். உள்ளே இருமல் சத்தம் இல்லை. ஒரு மாதமாக அந்த இருமல் எப்போது நிற்கும் என்று ஏங்கியவள், இப்போது அது கேட்காமல் அங்கேயே நின்றாள். பிறகு நெல்லியின் குரலும் அதைத் திட்டும் அப்பாவின் குரலும் கேட்டன. மேலே நடந்தாள்.

ஆமோஸ் கதவைத் திறந்தார். மேல்சட்டைப் பொத்தான் ஒன்று தப்பான துளையில் இருந்தது. பெரியம்மா இருந்திருந்தால் அப்படி வாசலுக்கு வரவே விட்டிருக்க மாட்டாள்.

"இருமல் குறைஞ்சிருக்கு போல," என்றார். "ரெண்டு நாளா கேக்கலையே."

"இருமத் தெம்பில்ல பெரியப்பா."

அவர் கதவை விட்டு விலகி உள்ளே போனார், அதுதான் வா என்று அர்த்தம். ஹெட்டி கேட்க வேண்டியதை நின்றபடியே கேட்டாள். பேப்பரில் ஒரு தாள் இல்லை, அதில் கதை முடிவு இருக்கிறது, அப்பாவுக்கு வேண்டும் என்றாள். அப்பா கேட்கச் சொன்னார் என்று சொல்லவில்லை.

ஆமோஸ் அடுப்பைக் கிளறினார். கிளறத் தேவையில்லாமல் அது நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

"வேணும்னா அவனே வந்து கேக்கட்டும்."

"அவரால எந்திரிக்க முடியாது. இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லிட்டார்."

கிளறுகோல் நின்றது. அவர் திரும்பவில்லை. அவருடைய கழுத்து மடிப்பில் பழைய களிமண் வெள்ளையாக இறங்கியிருப்பதை ஹெட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியும் அது போகவில்லை.

அப்போதுதான் சுவரில் இருந்த படம் கண்ணில் பட்டது. கணப்புக்கு மேலே, கெசியாவின் நாற்காலி இருக்கும் பக்கம், வெள்ளையடித்த சுவரில் புதிதாக ஒட்டியிருந்தது. முழுப்பக்கப் படம். ரயில் பெட்டி, விளக்கைத் தூக்கிய இன்ஸ்பெக்டர், கைகூப்பிய பாதிரியார், மடியில் பையோடு டாக்டர். கதையின் கடைசிப் பத்தி அந்தப் படத்துக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி இருந்தது.

ஹெட்டிக்குச் சட்டென்று சுமை இறங்கியது போல் இருந்தது. அதற்கென்ன, ஒட்டினால் ஒட்டட்டும்.

"தாள் வேண்டாம் பெரியப்பா. கல்லை எடுத்தது யாருன்னு பேரை மட்டும் சொல்லுங்க. ஓடிப்போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன்."

ஆமோஸ் அவளைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். கெசியாவின் நாற்காலியில் உட்காரப் போய், உட்காராமல் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"அது கதையோட தாளா?" என்றார்.

அவள் புரியாமல் நின்றாள். புரிந்தபோது முகம் சுட்டது.

"பின்னால சோப்பு விளம்பரமோ கோகோ விளம்பரமோ இருக்கும்னு நினைச்சேன்," என்றார் அவர். "எப்பவும் அதான் இருக்கும். கெசியாதான் திருப்பிப் பார்ப்பா. பார்த்துட்டு, 'வெட்டலாம் ஆமோஸ்'ம்பா. நான் வெட்டுவேன். நீங்க இப்பல்லாம் பேப்பரைத் திருப்பி வைக்கிறதில்ல. மூணு வாரமாச்சு. இந்தப் படமும் போயிடுமேன்னு முதல்லயே எடுத்துட்டேன்."

உண்மைதான். அப்பா படுத்த பிறகு பேப்பரைத் திருப்பி வைக்க ஹெட்டிக்கு நினைவிருக்கவில்லை. அவை கட்டில் பக்கத்தில் மருந்துப் புட்டிகளுக்குக் கீழே கிடந்தன.

"அப்ப கதையெல்லாம்?"

"அவ வாசிப்பா. நான் கேப்பேன்." அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "அவ போனப்புறம் படம் பார்க்கிறேன். என் வாரத்துல நான் வாங்கலைன்னா உங்கப்பனுக்கு வராதே. அதுக்காக வாங்குறேன்."

அண்ணன் தம்பி சண்டைக்குக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு, எல்லோருக்கும் தெரிந்த கதை. பாட்டியின் அடக்கம் முடிந்து சாவு விருந்து. உப்பிட்ட பன்றித்தொடை இல்லாமல் ஒருவரை அடக்கம் செய்தால் அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. மார்த்தாதான் வெட்டிப் பரிமாறினாள். ஆமோஸ் தன் துண்டை முள்கரண்டியில் குத்தித் தூக்கிப் பிடித்து, இதன் வழியாகப் பேப்பரே வாசிக்கலாம் போலிருக்கிறதே என்றார். எல்லோரும் சிரித்தார்கள், மார்த்தா அழுதுவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. ஹெட்டி கேட்டு வளர்ந்தது அவ்வளவுதான். இறைச்சித் துண்டுக்காக இத்தனை வருஷமா என்று அவளே பலமுறை சலித்துக்கொண்டிருக்கிறாள்.

"உங்கப்பன் அதுக்கு என்ன சொன்னான்னு உனக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க," என்றார் ஆமோஸ். "நான் வாசிக்கலாம் போலிருக்கேன்னு சொன்னதும், 'நீயா? தலைகீழாப் பிடிச்சாலும் உனக்கு ஒண்ணுதானே'ன்னான். சபையில இருந்து வந்தவங்க, பட்டறை ஆளுங்க, எல்லாரும் இருந்தாங்க. அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. பாட்டுப் புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு உதட்டை அசைப்பேன். அவனுக்கும் கெசியாவுக்கும் மட்டும்தான் தெரியும்."

ஹெட்டிக்கு அப்பா மீது கோபம் வந்தது, சாகக் கிடக்கிறவர் மீது. உடனே அந்தக் கோபத்துக்காக வெட்கமும் வந்தது. எது பெரிது என்று பார்க்க நேரம் இல்லை.

ஆமோஸ் எழுந்து படத்தின் முன்னால் நின்றார். விரல் இன்ஸ்பெக்டரிடமோ பாதிரியாரிடமோ போகவில்லை. மூலையில் இருந்த கறுப்பு உடைப் பெண்மணிக்குப் பக்கத்தில், தொடாமல் நின்றது. இரண்டு கையையும் மடியில் ஒன்றுக்குள் ஒன்று வைத்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா கோயிலில் அப்படித்தான் உட்காருவாள்.

"எடுக்க முடியுமா?" என்று கேட்டார் அவர். "உன் வேலையே அதானே."

அவள் வேலை அதுதான், கிட்டத்தட்ட. மெல்லிய தாளில் அச்சான பூக்களைத் தட்டில் ஒட்டித் தேய்த்து, பிறகு தாளை மட்டும் தண்ணீரில் கழுவி எடுக்கிற வேலை. ஆனால் அங்கே தாள் போனால் போகட்டும், மை தங்க வேண்டும். இங்கே தாளே வேண்டும், அதுவும் பின்பக்கம்.

"படம் கெட்டுப்போகும் பெரியப்பா."

"எடு," என்றார்.

வெந்நீரும் பஞ்சும் மழுங்கிய கத்தியுமாக அவள் தொடங்கினாள். கெசியா கற்றுக்கொடுத்த மாவுப்பசை, மனிதர் நன்றாகவே காய்ச்சியிருந்தார். ஓரம் பிடித்து ஊறவைத்து, காத்திருந்து, மெல்ல உரிக்க வேண்டும். அவளால் காத்திருக்க முடியவில்லை. ஒவ்வொரு அங்குலத்துக்கும் காதை முற்றத்துப் பக்கம் வைத்தாள். கை அவசரப்பட்டது, தாள் நடுவில் இரண்டாகப் பிளந்து, தோல் போல் ஒரு படலம் சுவரிலேயே தங்கியது. பட்டறையில் இப்படிச் செய்தால் மேற்பார்வைக்காரி காது கொடுத்துக் கேட்க முடியாதபடி திட்டியிருப்பாள். ஆமோஸ் கெட்டிலை நிரப்பிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அது வந்தது. ரொட்டி சுடும் தகரத் தட்டில் பின்பக்கம் மேலாக விரித்தார்கள். சுண்ணாம்பும் பசையும் அப்பிய சாம்பல் நிறத்தில் அங்கங்கே வரிகள் தெரிந்தன. பெயர் வரவேண்டிய பத்தி முழுவதும் வழுக்கையாக இருந்தது.

ஹெட்டி தட்டைத் தூக்கினாள். வாசல் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். ஆமோஸ் தப்பான பொத்தானைக் கழற்றிச் சரியான துளையில் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியை எடுத்தார்.

நோவா கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். முதலில் தட்டைப் பார்த்தார், அப்புறம் அதற்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். நெல்லி சால்ட் வாயைத் திறந்தாள், எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். அந்தப் பெண் வாழ்க்கையில் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

"உக்காரு," என்றார் நோவா.

ஆமோஸ் உட்கார்ந்தார். தொப்பியை முழங்காலில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். மேச்சின் ஆண்களுக்கு இது ரத்தத்தில் உள்ளது, கையைச் சும்மா வைக்கத் தெரியாது.

ஹெட்டி தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தெரிந்ததை வாசித்தாள். "'பனி நின்றுவிட்டது.' அப்புறம் இல்ல. 'யாரும் எதுவும் பேசவில்லை.' அப்புறம் 'விளக்கு.' ஒரு வரி முழுசாப் போச்சு. 'மெல்ல.' கடைசி வரி தெரியுது. 'ரயில் நகரத் தொடங்கியது.'"

"பேரு?"

"பேரு இல்லப்பா. சுவரோட போச்சு."

ஹெட்டி அழத் தயாராக இருந்தாள். நோவா கண்ணை மூடித் திறந்தார்.

"ரயிலாவது கிளம்புச்சே," என்றார். பிறகு அண்ணனிடம் முகத்தைத் திருப்பி, "எடுத்தது யாருன்னு நீ சொல்ற?" என்றார்.

ஆமோஸ் திகைத்தார். அவருக்குக் கதையே தெரியாது, தெரிந்தது படம் மட்டும். ஹெட்டி கதையை முதலிலிருந்து சுருக்கமாகச் சொன்னாள். நோவா குறுக்கே குறுக்கே திருத்தினார். கேட்டு முடித்த ஆமோஸ் தாடையைச் சொறிந்தார்.

"டாக்டர்தான்."

"போடா. பாதிரி."

"பாதிரி எதுக்குக் கல்லை எடுக்கப் போறான்?"

"அவன் கை என்ன செய்யுதுன்னு கதையில கேட்டியா? பெட்டியில எல்லாரும் நடுங்கிக்கிட்டு இருக்காங்க, அவன் மட்டும் கும்பிட்டுக்கிட்டே இருக்கான். கும்பிட்ட கையை யாரு பிரிச்சுப் பார்ப்பா?"

நோவா பேசி நிறுத்தும்போது உதடு நீலமாக இருந்தது. ஹெட்டி பேச வேண்டாம் என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து அவளை முறைத்தார்கள்.

"திருப்பு," என்றார் நோவா.

அவள் ஈரத்தாளை மெல்லத் திருப்பிப் போட்டாள். படம் சுருங்கியிருந்தது, சிப்பாய்க்குத் தலை இல்லை, மற்றவர்கள் தப்பியிருந்தார்கள். நோவா வெகுநேரம் பார்த்தார். பாதிரியாரைப் பார்க்கவில்லை என்று ஹெட்டிக்குத் தெரிந்தது.

"கெசியா மாதிரி இருக்கா," என்றார்.

ஆமோஸ் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி விரலை ஓட்டினார். "அவளைச் சொல்லிடாத."

"யாரு சொன்னா அவளை? பாதிரின்னுதானே சொல்றேன்." நோவா கூரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு அது மெல்லிசாத்தான் இருந்துச்சுண்ணே," என்றார். "மார்த்தா வெட்டினது."

அண்ணே என்று அப்பா வாயில் ஹெட்டி கேட்டதே இல்லை.

"அவ்வளவு ஒண்ணும் மெல்லிசு இல்ல," என்றார் ஆமோஸ்.

அதற்குமேல் அந்தப் பேச்சு போகவில்லை. போயிருந்தால் இரண்டு பேரும் எழுந்து ஓடியிருப்பார்கள், ஒருவரால் எழ முடியாது என்பதையும் மறந்து. ஆமோஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு டாக்டர்மேல் குற்றப்பத்திரிகை வாசிக்கத் தொடங்கினார். டாக்டர் பையைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். நாடி பார்க்கிற சாக்கில் யார் கையையும் பிடிக்கலாம். ரயில் நின்றதும் வியாபாரிக்கு மயக்கம் வந்தபோது சட்டையைத் தளர்த்தியது யார்? கதை கேட்டுக் கேட்டே பழகிய மனிதர், ஒரு துரும்பைக்கூட விடவில்லை. நோவா நடுநடுவே ம் என்றார், பாதிரி என்றார். போர்வை நூலைப் பிடுங்கும் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போன ஹெட்டி திரும்பி வந்தபோது அந்த விரல்கள் நின்றிருந்தன.

ஆமோஸ் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், கண் படத்தில் இருந்தது. அவரை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. கெட்டிலைக் கையில் பிடித்தபடி, டாக்டர் மாட்டிக்கொள்ளும் வரை நின்றாள். அவர் பேசி முடித்து, பதிலுக்காகத் தம்பியின் பக்கம் திரும்பினார். வெகுநேரம் பதிலுக்குக் காத்திருப்பவர் போலவே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

ஊர் கடற்கரையிலிருந்து திரும்பி வந்த அன்று அடக்கம் நடந்தது. சூளைகளை மறுபடி மூட்டிவிட்டார்கள், வானம் வழக்கமான நிறத்துக்கு வந்திருந்தது. பார்ஜிட்டர் பாதிரியார் பெருந்தன்மையாகவே பேசினார். விருந்தில் பன்றித்தொடையை ஹெட்டியே வெட்டினாள், கை வலிக்கும் அளவுக்குத் தடிமனாக. ஆமோஸ் தன் துண்டை முள்கரண்டியில் குத்தி ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மேஜை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் ஒரு முறை தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

எல்லோரும் போனபின் மிச்ச இறைச்சியை மூடி எடுத்துக்கொண்டு அவள் முற்றத்தைக் கடந்து அவர் வீட்டுக்குப் போனாள். படத்தைக் காயவைத்து, நாலு மூலையிலும் சிறு ஆணி அடித்து, கெசியாவின் நாற்காலிக்கு மேலே வேறு இடத்தில் மாட்டியிருந்தார். பழைய இடத்தில் சுவரோடு தங்கிவிட்ட தாள் படலம் சாம்பல் திட்டாக இருந்தது.

"அதுல பேர் இருக்குமா?" என்று கேட்டார். "அவன் சொன்னதா, நான் சொன்னதா, தெரியணும். தூக்கமே வரல."

"எழுத்து கண்ணாடியில தெரியிற மாதிரி திரும்பி இருக்கும்," என்றாள்.

அது அவளுக்குத் தடையில்லை. பட்டறையில் அச்சுத்தாளில் எழுத்தெல்லாம் அப்படித்தான் வரும், பழகிப்போனது. அவள் பஞ்சை நனைத்துத் திட்டின் மேல் ஒற்றினாள். ஈரம் ஏற ஏற வரிகள் கறுத்து மேலே வந்தன. அவள் வலமிருந்து இடமாக மனதுக்குள் வாசித்தாள். மூலையில் இருந்த பெண்மணி இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தாள். மடியில் கோத்திருந்த கைகளை மெல்லப் பிரித்தாள். உள்ளங்கையில் மரகதம் இருந்தது.

ஹெட்டி இன்னொரு முறை வாசித்தாள்.

பின்னால் முக்காலி கிறீச்சிட்டது. ஆமோஸ் சுவரைப் பார்க்கவில்லை. புதிய இடத்தில் மாட்டிய படத்தை, மூலையில் கைகோத்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதிரிதான் பெரியப்பா," என்றாள். "அப்பா சொன்னதுதான்."

அவர் நம்பாதவர் போல் ஒரு நிமிஷம் இருந்தார். பிறகு முழங்காலில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

"எழவெடுத்தவன்," என்றார். "சின்ன வயசிலிருந்து இப்படித்தான். எப்பவும் அவன் சொன்னதுதான்." சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நடுவழியில் வேறாகி, சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஹெட்டி திரும்பிப் பார்க்கவில்லை. பஞ்சை மறுபடியும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, வேலையில் செய்வது போலவே, மேலிருந்து கீழாகச் சுவரைக் கழுவினாள்.